மேலதிகாரிக்கு ஐந்துக்கு எத்தனை? பெருந்தொற்றுக் காலத் தலைமை ஆய்வுகள் போன பாதை

2020 ஜூன் மாதம் என்று நினைவு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் படிவத்தை அனுப்பி, நிரப்பிவிட்டு இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். நாற்பதுக்கு மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதல் வாக்கியமே ‘என் மேலதிகாரி என் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறார்’ என்றிருந்தது. அவரை நேரில் பார்த்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. திரையில் தெரிந்ததும் பெரும்பாலும் அவருடைய நெற்றியும் மின்விசிறியும்தான். மூன்று போட்டேன். அடுத்ததற்கும் மூன்று. இருபதாவது வாக்கியத்தில் குக்கர் விசில் அடித்தது. மிச்சத்துக்கெல்லாம் நான்கு போட்டு அனுப்பிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

என்னுடைய அந்த நான்குகள் இப்போது ஏதோ ஓர் ஆய்விதழில், தலைமைக்கும் ஊழியர் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அட்டவணைக்குள் உட்கார்ந்திருக்கலாம். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனங்களின் தலைமை பற்றி வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட படிவங்களின் மேல்தான் நிற்கிறது. அதிக ஓசையின்றி வந்த சில ஆய்வுகள் வேறு வகையானவை. மேலதிகாரியின் குணத்தை அளக்காமல், அவர் செய்துவைத்த ஏற்பாடுகளை அளந்தவை. இந்த இரண்டு வகைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால் இத்துறை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

நோய் வருவதற்கு முன்பே அலமாரியில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். கவர்ச்சித் தலைமை இக்கட்டான காலங்களில் முளைக்கிறது என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதி நூறாண்டு ஆகிவிட்டது. 1978-இல் ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் அரசியல் தலைவர்களை வைத்துப் பேசிய ‘உருமாற்றத் தலைமை’ (பின்தொடர்வோரின் எண்ணத்தையும் இலக்கையும் உயர்த்தி மாற்றும் தலைமை) என்ற கருத்தை 1985-இல் பெர்னார்ட் பாஸ் அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். கூடவே அதை அளக்க ஒரு வினாப்படிவத்தையும் உருவாக்கினார். கருத்து பரவியதைவிடப் படிவம் வேகமாகப் பரவியது. எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது அந்தப் படிவத்தின் ஏதோ ஒரு கொள்ளுப்பேத்தி.

1981-இல் பாரி ஸ்டாவும் அவரது சகாக்களும் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்கள். ஆபத்து வரும்போது நிறுவனங்கள் இறுகிவிடுகின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் மேலே குவிகிறது. தகவல் வரும் வழிகள் சுருங்குகின்றன. பழகிய வழியிலேயே திரும்பத் திரும்பப் போகத் தோன்றுகிறது. ஊரடங்கின் முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை நிலவர அறிக்கை கேட்ட அதிகாரியிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர்கள் கட்டுரையை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் அந்த அலமாரியில் உண்டு. கார்ல் வைக் 1988-இல் எழுதிய கட்டுரை, போபால் விஷவாயு விபத்தை எடுத்துக்கொண்டு நெருக்கடி எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தது. அவர் விபத்து நடந்த இரவோடு நின்றுவிடவில்லை. அந்த ஆலை முக்கியமானதல்ல என்று தலைமை முன்பே நினைத்துவிட்டது. அப்படி நினைத்ததால் ஆளும் பணமும் குறைந்தன. அவை குறைந்ததால் ஆலை இன்னும் சீர்கெட்டது. சீர்கெட்டதைப் பார்த்து, முக்கியமில்லை என்ற எண்ணம் மேலும் உறுதியானது. நெருக்கடி வெளியிலிருந்து வந்து விழுவதில்லை, அதில் பாதியை நம் செயல்களே கட்டிவைக்கின்றன என்பது அவர் வாதம். 2020-இல் மருத்துவமனைக் கிடங்குகளில் முகக்கவசம் இல்லாமல் போனதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பலரும் நுழைந்த வாசல் பாஸினுடையதுதான்.

2003-இல் சார்ஸ் நோய் தாக்கிய கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். நோயாளிகளைக் கவனித்த டொராண்டோ மருத்துவமனைகள் ஒன்பது, நோய் எட்டாத ஹாமில்டன் மருத்துவமனைகள் நான்கு, மொத்தம் 769 ஊழியர்கள். நோய் ஓய்ந்து ஓராண்டு முதல் ஈராண்டு கழித்து அவர்களின் மனநிலையை ரொபர்ட் மாண்டரின் குழு ஆராய்ந்தது. டொராண்டோ ஊழியர்களிடம் சோர்வும் மனவுளைச்சலும் தெளிவாகவே அதிகம். தமக்குக் கிடைத்த பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமானவை என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவு. இந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கொரோனாவுக்குப் பதினான்கு ஆண்டுகள் மிச்சமிருந்தன.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று சொன்னதும் முதலில் வந்தவை ஆய்வுகள் அல்ல, கட்டுரைகள். தரவு இல்லாத நேரத்தில் ஆளுக்கொரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகம் பேசப்பட்டது மாரியட் ஓட்டல் நிறுவனத் தலைவர் ஆர்ன் சொரன்சனின் காணொளி. கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அவர், முடி கொட்டிய தலையோடு மார்ச் மூன்றாம் வாரத்தில் கேமரா முன் வந்தார். இப்படியொரு தோற்றத்தில் வர வேண்டாமே என்று தன் குழு தயங்கியதையும் சொன்னார். 2001 செப்டம்பர் தாக்குதலும் 2008 நிதி நெருக்கடியும் சேர்ந்து செய்ததைவிட இந்த அடி பெரிது என்றார். அந்த ஆண்டின் மிச்சத்துக்குத் தனக்குச் சம்பளம் வேண்டாம் என்றும், உயர் அதிகாரிகளுக்குப் பாதிச் சம்பளம் என்றும் அறிவித்தார். மேலாண்மை வகுப்புகளில் இது உடனே பாடமாகிவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார்.

காணொளி மனதைத் தொடுவது உண்மை. அதே வாரங்களில் பல்லாயிரம் ஓட்டல் ஊழியர்கள் ஊதியமில்லாத விடுப்பில் அனுப்பப்பட்டதும் உண்மை. பேச்சின் தரத்தை அளப்பதா, பேச்சுக்குப் பின் ஊழியர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை அளப்பதா? காணொளியை உருகி உருகிப் புகழ்ந்த கட்டுரைகளில் இரண்டாவது கேள்வியை நான் அதிகம் பார்க்கவில்லை.

இன்னொரு உதாரணம் பசிபிக் கடலில் நிகழ்ந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் ஏறத்தாழ 4,800 பேர். உள்ளே நோய் பரவத் தொடங்கியதும் கப்பலின் தலைவர் பிரெட் குரோசியர் மார்ச் 30 அன்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நாம் போரில் இல்லை, மாலுமிகள் சாகத் தேவையில்லை, பெரும்பாலானோரைக் கரைக்கு இறக்குங்கள் என்பது சாரம். மறுநாள் அது பத்திரிகையில் வந்துவிட்டது. ஏப்ரல் 2 அன்று அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவரை நீக்கிய கடற்படைப் பொறுப்புச் செயலர் தாமஸ் மோட்லி, கப்பல் நின்ற குவாம் தீவுக்குப் பறந்து சென்று, அதே கப்பலின் ஒலிபெருக்கியில் குரோசியரை இகழ்ந்து பேசினார். அந்தப் பேச்சும் வெளியே வர, ஏப்ரல் 7 அன்று அவரும் பதவி விலகினார். கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று, ஒருவர் உயிரிழந்தார்.

தலைமை ஆய்வாளர்களுக்கு இது பொக்கிஷம். கெட்ட செய்தி கீழிருந்து மேலே போவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. மேலாண்மை ஆய்வாளர் எமி எட்மன்சன் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்ததைக் கண்டு குழம்பினார். அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, தயங்காமல் சொல்லப்பட்டன. அச்சமின்றிப் பேசும் சூழலை அவர் ‘உளப் பாதுகாப்பு’ என்று அழைத்தார். கொரோனா காலத்தில் அதிகம் எடுத்தாளப்பட்ட சொற்களில் அது ஒன்று. குரோசியருக்கு அது வாய்க்கவில்லை.

கட்டுரை அலையில் கருத்தளவில் உருப்படியானவையும் இருந்தன. தலைமை ஆய்வாளர் கீத் கிரின்ட் தன் பழைய வகைப்பாட்டைத் தூசி தட்டி எடுத்தார். உடனடி ஆபத்துக்குக் கட்டளை. வழி தெரிந்த சிக்கலுக்கு நிர்வாகம். யாருக்குமே விடை தெரியாத முடிச்சுக்குத்தான் தலைமை, அதாவது சரியான கேள்வியைக் கேட்டு எல்லாரையும் யோசிக்கவைப்பது. பெருந்தொற்று மூன்றும் கலந்தது. வெண்டிலேட்டர் ஒதுக்கீட்டுக்குக் கட்டளை வேண்டும், பள்ளியை எப்போது திறப்பது என்பதற்குக் கட்டளை உதவாது. அதே துறையின் டெனிஸ் டூரிஷ் இன்னும் கடுமையாகப் பேசினார்: நோய் நெருக்கடி மட்டுமல்ல இது, தலைமையின் நெருக்கடியும்தான், நிச்சயமற்ற சூழலைப் பற்றி நம் கோட்பாடுகளுக்கே அதிகம் சொல்லத் தெரியவில்லை என்றார்.

அந்த வசந்த காலத்தின் மிக எளிய ஆய்வைத்தான் நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். டெய்ட் ஷனஃபெல்ட் உள்ளிட்ட மூன்று மருத்துவர்கள், நோய் பரவத் தொடங்கிய முதல் வாரத்தில், மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 69 பேரை எட்டு அமர்வுகளில் உட்காரவைத்துக் கேட்டார்கள். கேட்டவை மூன்றே: எது உங்களுக்கு அதிகக் கவலை, தலைமையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எதைச் செய்தால் உதவியாக இருக்கும்? வந்த விடைகளில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கவச உடை கிடைக்குமா? வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவேனா? காய்ச்சல் வந்தால் உடனே பரிசோதனை உண்டா? பள்ளி மூடிவிட்டதே, குழந்தையை யார் பார்ப்பது? பழக்கமில்லாத பிரிவில் போட்டால் எப்படிச் சமாளிப்பேன்? எல்லாவற்றையும் சேர்த்து ஆய்வாளர்கள் ஐந்து கோரிக்கைகளாகச் சுருக்கினார்கள்: எங்கள் பேச்சைக் கேளுங்கள், காப்பாற்றுங்கள், தயார்படுத்துங்கள், துணை நில்லுங்கள், எங்களுக்கு நோய் வந்தால் கவனித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2020 ஏப்ரலில் வந்த இந்தச் சிறு கட்டுரையில் மதிப்பெண்ணும் கிடையாது, தலைமை வகையும் கிடையாது. டொராண்டோவின் 769 பேர் சொன்னதையேதான் இந்த 69 பேரும் வேறு சொற்களில் சொன்னார்கள்.

பிறகு வந்தது வெள்ளம். கல்லூரிகள் மூடியிருந்தன; களப்பணி முடியாது; ஆய்வேட்டுக்கான கெடு மட்டும் நகரவில்லை. இணையப் படிவம் ஒன்றே வழி. உருமாற்றத் தலைமை, பணிவிடைத் தலைமை, நெறிசார் தலைமை, மின்னணுத் தலைமை, பரிவுத் தலைமை என்று கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல் அடைமொழிகள் முளைத்தன. முடிவுகள் ஏறக்குறைய ஒன்றே: நல்ல தலைவர் இருந்த இடத்தில் ஊழியர்கள் நன்றாக உணர்ந்தார்கள்.

இதில் என்ன கோளாறு? தலைவர் எப்படி என்று சொன்னவரும் தான் எப்படி இருக்கிறேன் என்று சொன்னவரும் ஒரே ஆள், ஒரே பொழுதில். அன்று மனம் சரியில்லாதவர் இரண்டுக்குமே குறைவாகப் போடுவார்; சம்பளம் வந்த அன்று நிரப்பியவர் இரண்டுக்குமே கூடப் போடுவார். அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குவதைத் தலைமையின் விளைவு என்று சொல்ல முடியாது. ஜான் அன்டொனாகிஸ் போன்றவர்கள் 2010-லேயே இதை எச்சரித்திருந்தார்கள். பழியும் புகழும் ஏன் தலைவர் மேலேயே விழுகின்றன என்பதற்கும் பழைய விடை உண்டு. நிறுவனம் மிகச் சிறப்பாகப் போனாலும் மிக மோசமாகப் போனாலும் மக்கள் காரணத்தைத் தலைவரிடமே தேடுகிறார்கள் என்று ஜேம்ஸ் மைண்டில் குழுவினர் 1985-இல் காட்டி, அதற்குத் ‘தலைமை மீதான காதல்’ என்று பெயரும் வைத்தார்கள். பெருந்தொற்றைவிட மோசமான காலம் எது?

விதிவிலக்குகள் உண்டு. ஜியா ஹூவும் இரு சகாக்களும் சீனாவில் கடும் கட்டுப்பாடு தளர்ந்து வேலைக்குத் திரும்பிய தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடம் ஒரே தடவை கேட்காமல் அடுத்தடுத்த நாட்களில் கேட்டுக் குறித்தார்கள். தனியாக ஒரு சோதனையும் நடத்தினார்கள். சாவைப் பற்றிய நினைப்பு பதற்றத்தைக் கூட்டியது. பதற்றம் வேலையில் ஒன்றுவதைக் கெடுத்தது. ஊழியர் நலனை முன்வைக்கும் மேலாளரிடம் இருந்தவர்களுக்கு அந்தச் சேதம் குறைவாகவும் பிறருக்கு உதவும் எண்ணம் கூடுதலாகவும் இருந்தன. இந்த அளவு உழைப்புள்ளவை கைவிரலுக்குள் அடங்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் அதை வரைபடமாக்கும் வேலை தொடங்கியது. நூலளவியல் ஆய்வு என்று பெயர். ஸ்கோபஸ் போன்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் ‘தலைமை’, ‘கோவிட்’ என்று தேடி, வரும் கட்டுரைகளின் திறவுச்சொற்களை ஒரு மென்பொருளில் கொட்டினால் வண்ண வண்ணக் குமிழ்களாக ஒரு படம் வரும். சேர்ந்து வரும் சொற்கள் பக்கத்தில் நிற்கும். ‘மருத்துவம்’, ‘மீள்திறன்’, ‘தொலைவேலை’ என்று கொத்துக்கொத்தாகத் தெரியும். எதைப் பற்றி எழுதினார்கள் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. எழுதியதில் எது தேறும் என்பதைப் படம் சொல்லாது. குமிழ் பெரிதாக இருப்பதற்கு, படிவம் மலிவாகக் கிடைத்தது மட்டுமே காரணமாக இருக்கலாம்.

பெண் தலைவர்கள் பற்றிய சர்ச்சையைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன், அது நாடாளும் தலைமை பற்றியது என்பதால். சுப்ரியா கரிகிபாட்டியும் உமா கம்பாம்பதியும் 194 நாடுகளை ஒப்பிட்டு, பெண்கள் ஆண்ட நாடுகளில் முதல் அலையில் ஊரடங்கு சீக்கிரம் வந்தது, சாவு குறைவு என்றார்கள். அமெரிக்க மாநில ஆளுநர்களை வைத்து வந்த ஆய்வும் அதே திசையில் பேசியது. அதே ஆண்டில் வேறொரு குழு கணக்கிட்டபோது இறப்பு விகிதத்தில் புள்ளியியல் பொருளுள்ள வேறுபாடு கிடைக்கவில்லை; எந்தச் சமூகங்கள் பெண்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. பெண்கள் ஆண்ட நாடுகள் 19 மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து உலகத் தலைப்புச் செய்தி எழுதியது பத்திரிகைகளின் அவசரம்.

நிறுவனங்களுக்குள் உண்மையான திருப்பம் வேறு வாசல் வழியே வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் ஒவ்வொரு கூட்டமும் மின்னஞ்சலும் கணினியில் தடம் விட்டுச் சென்றன. யாரையும் ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்காமலே என்ன நடந்தது என்று பார்க்க முடிந்தது. ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் ஒன்றின் 10,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை மைக்கேல் கிப்ஸ் குழு பார்த்தது. வேலை நேரம் கூடியது. வேலையின் அளவு சற்றே குறைந்தது. ஆகவே ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது. நேரம் எங்கே போயிற்று? கூட்டங்களில். இடையூறின்றி வேலை பார்க்கும் பொழுது சுருங்கிவிட்டது. ஒன்று கவனியுங்கள்: கூட்டங்கள் கூடிய அதே காலத்தில், மேலாளரோடு தனியாகப் பேசும் நேரம் குறைந்திருந்தது. இருபது பேர் இருக்கும் திரையில் அதிகாரி அதிகமாகத் தெரிந்தார். சந்தேகம் கேட்கக் கிடைக்கவில்லை. ஐந்துக்கு எத்தனை என்ற படிவத்தில் இது ஒருபோதும் அகப்பட்டிருக்காது.

மைக்ரோசாஃப்ட்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தரவு இன்னொரு கோணத்தைத் தந்தது. நெருங்கிய குழுவுக்குள் பேச்சு இறுகியது. பிற குழுக்களோடு சேர்ந்து செலவிட்ட நேரத்தின் பங்கு கால்வாசி குறைந்தது. தேநீர்க் கடை வாசலில் தற்செயலாக நடக்கும் பேச்சுக்கு ஒரு நிறுவனத்தில் எவ்வளவு மதிப்பு என்பது அது நின்ற பிறகுதான் எண்ணாகத் தெரிந்தது.

காரணத்தை உறுதியாகச் சொல்லும் சோதனை ஷாங்காயில் நடந்தது. டிரிப் டாட் காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேர் பங்கேற்றார்கள். ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை. இரட்டைப்படைக்காரர்கள் ஐந்து நாளும் அலுவலகம். பிறந்த தேதியை மேலதிகாரி மாற்ற முடியாது என்பதுதான் இதன் அழகு. ஆறு மாதத்தில், வேலையை விட்டுப் போவோர் வீட்டுவேலைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வேறுபாடு இல்லை. மேலாளர்களின் மனம் மாறியது எனக்கு இன்னும் சுவையான செய்தி. சோதனைக்கு முன் உற்பத்தி 2.6 சதவீதம் குறையும் என்று கணித்தவர்கள், முடிவில் 1 சதவீதம் கூடும் என்றார்கள். 2024-இல் நேச்சர் இதழில் வந்த இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான நிக்கலஸ் புளூம், அதே நிறுவனத்தின் முந்தைய பெயரில் அதன் அழைப்பு மையத்தில் இப்படியொரு சோதனையைப் பெருந்தொற்றுக்கு முன்பே நடத்தி 2015-இல் வெளியிட்டவர்.

ஆய்வு இப்படிப் போக, நிறுவனங்கள் தம் போக்கில் போயின. சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் டிசிஎஸ், 2025-க்குள் கால்வாசி ஊழியர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லி அதே நிறுவனம் ஊழியர்களை அழைத்தது. 2022-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்த கருத்தாய்வில், ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று நம்புவது கடினமாகிவிட்டது என்றார்கள் தலைமைப் பொறுப்பிலிருந்தவர்களில் 85 சதவீதத்தினர். நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறோம் என்றார்கள் ஊழியர்களில் 87 சதவீதத்தினர். ஊழியர் தலைவரை நம்புகிறாரா என்று இத்துறை நாற்பதாண்டாகக் கேட்டுவந்திருக்கிறது. கேள்வியைத் திருப்பிப் போட ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது.

இந்த ஆய்வுகளில் வரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: மருத்துவமனை, மடிக்கணினி வைத்திருப்பவர்களின் அலுவலகம். பஸ் பணிமனை, நியாய விலைக் கடை, காய்கறிச் சந்தை, குப்பை வண்டி ஆகியவை அபூர்வம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையே தொற்றுக் கூடமாகி மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பை ஒரு வாரத்துக்குள் இடம்மாற்றுவது நிறுவனத் தலைமை இல்லையென்றால் வேறென்ன? எங்கள் தெருமுனையில் காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர்களுக்கு வருகைப் பதிவு எடுக்கும் மேற்பார்வையாளர், அந்தக் கோடை முழுவதும் கையுறைகளை எண்ணி எண்ணிப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீடுவீடாகப் போகும் வேலையைத் தராமல் வண்டிப் பக்கம் நிறுத்தினார். சாமான்யமான நோட்டுப் புத்தகம், அதில் இரண்டு நிற மையில் பெயர்கள். அவர் கைப்பேசிக்கு எந்தப் படிவமும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் கீழே வேலை பார்த்தவர்களிடம், உங்கள் மேற்பார்வையாளருக்கு ஐந்துக்கு எத்தனை என்று யாரும் கேட்கவும் இல்லை.